ஓவிய மன்னர் ரவி வர்மா

காஞ்சன்பாக்கில் வாழும் நம்மவர் இல்லங்களில், பூஜை அறைதோறும் தாமரைமேல் நின்றருளும் இலக்குமியையும் வீணை ஏந்திய கலைமகளையும் காண்கிறோம். அத்திருமுகங்களுக்கு நாம் இன்று அறிந்துள்ள சாயலை அளித்தவர்களுள் தலையாயவர் ராஜா ரவி வர்மா. அவ்வித்தை அவருக்கு எளிதில் கிட்டியதன்று.

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் கிளிமானூரில் பிறந்தார். சுவரெல்லாம் கரியால் கிறுக்கிய சிறுவனை மாமன் ராஜராஜ வர்மா கடிந்துகொள்ளவில்லை. தாம் அறிந்த தஞ்சாவூர்ப் பாணியைக் கற்பித்தார். பின்னர் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தபோது, தைலவர்ணம் தீட்டும் முறையை அறிந்திருந்தவர் அரசவை ஓவியர் ராமஸ்வாமி நாயக்கர். போட்டியாளன் உருவாவான் என்றஞ்சி அவர் மறுத்துவிட்டார். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையோ, ஆசானுக்குத் தெரியாமல் இரவில் வந்து கற்பித்தார். இந்த நல்லவரின் பெயரை நாம் அதிகம் சொல்வதில்லை, சொல்லவேண்டும். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் டென்மார்க் ஓவியரும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றார் ரவி வர்மா.

தைலவர்ணம் மெல்ல உலர்வது. ஆகவே ஒரு நிறத்தை மற்றொன்றோடு இழைத்து, கன்னத்தின் வளைவையும் பட்டின் மினுக்கையும் காட்டலாம். ஒருபுறத்து ஒளியில், நாடகத்தின் ஒரு கணம்போலப் புராணக் காட்சியை நிறுத்தினார். தேவமாதருக்கு நம் பெண்டிரின் முகமும் சேலையும் வாய்த்தன. 1873-இல் வியன்னா கண்காட்சி அவருக்குப் பரிசளித்தது. பரோடா மன்னருக்காகப் பதினான்கு புராணச் சித்திரங்கள் தீட்டினார்.

1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, ஜெர்மானியத் தொழில்வல்லாரை அமர்த்தினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தால் படம் நிறைவுறும். கோயில் வாயில் மூடப்பட்டிருந்த எளியோர் குடிசையிலும் தெய்வம் குடியேறியது. அச்சகமோ கடனில் மூழ்கியது. ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடம் விற்றார். நாட்காட்டி ஓவியர் என்று அவரைப் பின்னாளில் எள்ளியவர்கள் பலர். மலிவு அச்சின் மங்கலை ஓவியர் தலையில் ஏற்றுவது முறையாகாது.

1902-இல் தம்பி ராஜராஜ வர்மாவுடன் ஐதராபாத்துக்கும் வந்தார். புகைப்படக் கலைஞர் ராஜா தீனதயாள் அவர்களை உபசரித்தார். உடனிருந்து தீட்டிய அத்தம்பி 1905-இல் மறைந்தார். 1906 அக்டோபர் 2-ஆம் நாள் கிளிமானூரில் ரவி வர்மாவும் காலமானார்.

மூசி நதிக்கரையிலுள்ள சாலார்ஜங் அருங்காட்சியகத்தில் அவர் கைப்பட்ட சித்திரங்கள் உள்ளன. அடுத்த விடுமுறையில் நம் சிறுவர்களை அழைத்துச் சென்று, சற்றே அருகில் நின்று, சேலையின் சரிகையில் தூரிகை ஓடிய தடத்தைக் காட்டுவோமாக.