ஏழெட்டு மாதத்தில் திரும்பி வந்த ஜூனியர் வக்கீல்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் பிடித்துவிட்டார். எஞ்சினியருக்கு வக்கீல் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கு, போகப் போகச் சொல்கிறேன்.

லூயிஸ் பிராண்டைஸ் 1856-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகரில் பிறந்தவர். ப்ராக் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா தானிய வியாபாரி. வியாபாரம் நொடித்திருந்த சமயத்தில், 1875-ல், பையன் ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் சேர்ந்தார். கல்லூரிப் பட்டம் கிடையாது. டியூஷன் எடுத்துச் செலவைச் சமாளித்தார். படித்துப் படித்துக் கண் கெட்டது. கூடப் படித்தவர்கள் பாடத்தை வாய்விட்டு வாசிக்க, காதால் கேட்டே மனதில் ஏற்றிக்கொண்டார். 1877-ல் வகுப்பிலேயே முதலாவது. இருபத்தொரு வயது நிரம்பாததால் பட்டம் கொடுக்க விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது!

இன்னொரு வருஷம் அங்கேயே படித்துவிட்டு, 1878-ல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கிளம்பினார். பாஸ்டனிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். ஜேம்ஸ் டாசிக் என்ற வக்கீலின் ஆபீசில் ஜூனியர் வேலை. அக்கா ஃபேனி அந்த ஊரில்தான் இருந்தார். அக்கா கணவர் சார்லஸ் நாகெலும் வக்கீல். வெளியூர் என்றாலும் அக்கா இருக்கிறாளே என்று நம் வீடுகளில் போடும் அதே கணக்கு.

கணக்கு சரிதான், வேலைதான் சரியில்லை. சின்னச் சின்னக் கேஸ்கள், அதுவும் எப்போதாவது. மூளைக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு மலேரியா வேறு. அந்த நேரம் பாஸ்டனிலிருந்து கடிதம் வந்தது, வகுப்பில் இரண்டாவதாக வந்த சாமுவேல் வாரனிடமிருந்து. சேர்ந்து ஆபீஸ் போடலாம் என்கிறார். வாரன் வசதியான காகித ஆலைக் குடும்பம், பிராண்டைஸ் அப்படியில்லை. கேஸ் வருமா, வயிற்றுப்பாடு நடக்குமா என்று விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தார். மாசச்சூசெட்ஸ் தலைமை நீதிபதி ஹொரேஸ் கிரேயிடம் கிளார்க் வேலையும் அமைந்தது. 1879 ஜூலையில் பாஸ்டன் திரும்பிவிட்டார். மிசௌரியில் வக்கீலாகப் பதிவு செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இங்கேதான் என் கதை. கேம்பஸில் கிடைத்த முதல் வேலைக்காகக் குஜராத் போனேன். எக்செல் ஷீட்டில் போல்ட், நட் எண்ணினேன். ஒன்பதே மாசம், பெட்டியோடு திரும்பிட்டேன். எங்க செட்டின் முதல் ரீயூனியனுக்கு நான் வராததற்குக் காய்ச்சல் என்று சொன்னது பொய். யார் முகத்தைப் பார்ப்பது என்ற வெட்கம்தான். அப்போது பிராண்டைஸைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் வந்திருப்பேனோ என்னவோ!

வாரனும் பிராண்டைஸும் 1890-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் எழுதிய கட்டுரை, கேமராவும் பத்திரிகையும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலத்தில், தனிமனித அந்தரங்கத்தை ஓர் உரிமையாக முன்வைத்தது. 2017-ல் நம் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோதும் அந்தக் கட்டுரை பேசப்பட்டது.

எஞ்சினியரான எனக்குப் பிடித்தது 1908 வழக்கு. பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற ஆரகன் மாநிலச் சட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். பிராண்டைஸ் கொடுத்த நூறு பக்கத்துக்கு மேலான மனுவில் சட்ட வாதம் இரண்டே பக்கம்தான். மற்றதெல்லாம் ஆலை ஆய்வாளர்கள், டாக்டர்கள் தந்த தகவல்கள்! அவற்றைத் திரட்டியதில் பெரும் பங்கு அவர் மனைவியின் தங்கை ஜோசஃபின் கோல்ட்மார்க்குடையது. நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. பொதுநல வழக்குகளுக்கு அவர் பீஸ் வாங்குவதில்லை.

1916-ல் ஜனாதிபதி வில்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது பெரிய எதிர்ப்பு. நான்கு மாதம் இழுத்து, செனட்டில் 47-க்கு 22 என்று தேறினார். அந்த நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதி அவர். 1928-ல் போலீஸ் போன் ஒட்டுக்கேட்டது சரியே என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னபோது மறுத்து எழுதினார். அந்தப் பழைய தீர்ப்பை 1967-ல் அதே நீதிமன்றம் கைவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1939-ல் ஓய்வு பெற்று, 1941 அக்டோபர் 5-ல் காலமாகிவிட்டார்.

அஸ்தியைச் சொந்த ஊருக்கே கொண்டுவந்தார்கள். லூயிவில் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் முகப்பு மண்டபத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தினமும் அந்தப் பக்கமாகத்தான் வகுப்புக்குப் போய் வருகிறார்கள்.