நுண்காந்தம் அளந்த கிருஷ்ணனார்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பிறந்து வளர்ந்த நம் மாணவர் பலருக்குக் கப்பலின் திசைகாட்டி புதிதன்று. இரும்பினாற் கட்டிய கலத்தில் அதன் காந்த ஊசி வடதிசையைப் பிழைபடக் காட்டும் என்பதும், அப்பிழையைத் தீர்க்கச் சிறு காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் அதன் அருகே அமைப்பர் என்பதும் துறைமுகத்தில் தொழில் புரியும் பெரியோர்வழி அவர்கள் கேட்டறிந்தவை. இரும்பு ஊசியை மயக்குவதில் வியப்பில்லை. நீரும் காற்றும் நம் உடலின் தசையுமே காந்தப் புலத்தைச் சிறிது திரிக்கும் என்றால் நம்புவார் சிலரே. அத்துணைச் சிறிய தன்மையை அளந்தறிவதில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்கிய வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி மிக்கவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வி முற்றிய பின்னர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கிருஷ்ணனார் பயின்றார். அந்நாளில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. துறைமுகத்துக்கு அணித்தாய், ஜார்ஜ் டவுனில் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. 1937-இல்தான் அது இடம் பெயர்ந்தது. அங்கே இரஸாயனச் செயல்முறை ஆசிரியராகவும் அவர் சிலகாலம் பணியாற்றினார். நண்பகல் உணவு வேளையில் மாணவர் அவரைச் சூழ்ந்துகொண்டு பௌதிகத்திலும் இரஸாயனத்திலும் கணிதத்திலும் தாம் விரும்பிய ஐயங்களை வினவுவர். பிற கல்லூரி மாணவரும் வந்து கூடுவர். இத்தகைய கூட்டம் ஒவ்வொரு மிஷன் கல்லூரியிலும் இருத்தல் நன்று என்பது எம் கருத்து.

பின்னர்க் கல்கத்தா சென்று, 1923-இல் ஸி. வி. இராமன் அவர்களிடம் ஆராய்ச்சி மாணவரானார். 1928-இல் இராமன் விளைவை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் உள்ளன. பரிசு 1930-இல் இராமன் அவர்கட்கே அளிக்கப்பெற்றது. இவ்வரலாறு பலரும் அறிந்ததாகலின் விரிக்கின்றிலோம்.

அவருடைய தனிப்பெருமை விளங்கியது டாக்காவில். 1928 டிசம்பரில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பௌதிக ஆசிரியராய் அமர்ந்த அவர், பளிங்குகளின் காந்தத் தன்மையை ஆராயத் தொடங்கினார். நாப்தலீன் முதலியவை காந்தத்தால் ஈர்க்கப்படுவன அல்ல. மிகச் சிறிதளவு விலக்கப்படுவன. அவ்விலக்கமும் பளிங்கினுள் எத்திசையிலும் ஒரே அளவினதன்று. உருக்கிய பளிங்கினின்று இழுத்த, மயிரினும் மெல்லிய நூலில் சிறு பளிங்கைக் காந்தத்தின் இடையே தொங்கவிட்டு, நூலின் மேல்முனையை மெல்ல முறுக்குவார். பளிங்கு சிறிது சிறிதாய் இணங்கித் திரும்பி, ஒரு குறித்த கோணம் வந்ததும் திடீரெனப் புரண்டுவிடும். அக்கோணத்தினின்றே திசைக்குத் திசை உள்ள வேற்றுமையைக் கணக்கிட்டார். அவ்வேற்றுமையினின்று, பளிங்கினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதையும் அறிந்தார். ஒரு நூலும் ஒரு காந்தமும் கொண்டு இவ்வளவும் செய்தது எமக்கு இன்றும் வியப்பே.

நியூயார்க்கில் ஐ. ஐ. ராபி என்பவர் 1927-இல் வேறொரு வழி கண்டிருந்தார். பளிங்கைக் கரைசலில் அமிழ்த்தி, அது காந்தத்தால் அசையாது நிற்குமளவும் கரைசலின் செறிவை மாற்றுவது அவர் முறை. அந்த ராபியே பின்னர் அணுக்கருவின் காந்த ஒத்ததிர்வைக் கண்டு 1944-இல் நோபல் பரிசு பெற்றார். 1973-இல் லாடர்பர் என்பார் அவ்வதிர்வைக் கொண்டு படம் அமைத்தார். இன்று எண்ணூர் வரை எம்.ஆர்.ஐ. என்னும் பெயரை அறியாத இல்லம் அரிது.

கிருஷ்ணனார் 1940-இல் இலண்டன் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1946-இல் ஸர் பட்டமும், 1947-இல் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் பதவியும் பெற்று, 1961 ஜூன் மாதம் காலமானார். எம்.ஆர்.ஐ. கருவியில் அவர்க்கு நேரிய பங்கில்லை. வலிந்து புகுத்துதல் அவர் புகழுக்கு அழகன்று. ஆயினும் அவர் அளந்த அத்தன்மையே இன்று அப்படத்தின் மெய்ம்மையைக் கெடுப்பது.

அக்கருவி, காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் வேண்டுமென்றே மாற்றி, புரோட்டான்களின் அதிர்வெண்ணால் இடத்தை அறிகிறது. 1.5 டெஸ்லா புலத்தில் அவ்வதிர்வு வினாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம். நீருக்கும் காற்றுக்கும் காந்த ஏற்புத்திறனில் உள்ள வேற்றுமை பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 9 பங்கே. இச்சிறு வேற்றுமையால், குடலில் வாயு நின்ற இடத்தருகும் நுரையீரலின் ஓரத்தும் புலம் திரிய, ஓரிடத்துத் தசை படத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தோன்றலாம். நோயை அறிதற்கு மட்டும் படம் எடுக்குங்கால் இது பெரிதும் பொறுக்கத்தக்கது. 2014-இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலும், 2017-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலும் புற்றுநோயாளர்க்கு இப்படத்தின் வழிகாட்டலிலேயே கதிர்ச் சிகிச்சை தொடங்கப்பெற்றது. படம் காட்டும் இடத்திற்கே கதிர் செல்லுமாதலின், படம் பொய்த்தால் கட்டியின் விளிம்பு தப்பும். நல்ல குடல் வேகும்.

முன்னைய கருவியின் புலம் 0.35 டெஸ்லா, பின்னையதன் புலம் 1.5. வலிய புலம் தெளிவு தரும். மெலிய புலத்தில் திரிபு குறையும். புள்ளிகளின் இடம் முன்னரே அளந்தறியப்பெற்ற போலியுடல் ஒன்றைக் கருவியுள் வைத்துப் படம் உண்மை கூறுகின்றதா என்று சோதிக்கின்றனர். எனினும் நோயாளியின் குடல்வாயு நாளுக்கு நாள் இடம் மாறுவதாகலின், அதனைப் போலியுடல் காட்டாது. அதற்காக, நோயாளி படுத்திருக்கும்போதே அவர் உடலினுள் புலம் எங்கெங்கு எவ்வளவு திரிந்துள்ளது என்பதைக் காட்டும் தனிப்படமும் எடுத்துக் கணக்கிடும் முறை உண்டு.