இரவு வகுப்பை மூடிய ஆசிரியர்

பகலில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. இரவில் சட்டப் படிப்பு. இப்படிப் பாடுபட்டு வக்கீல் ஆனவர் வில்லியம் ஹூஸ்டன். அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் வாழ்ந்த கறுப்பர். அவர் படித்தது ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில்.

பிற்காலத்தில் அந்த இரவு வகுப்பையே ஒருவர் இழுத்து மூடினார். அவர் வேறு யாரும் அல்ல. வில்லியத்தின் ஒரே மகன் சார்லஸ் ஹூஸ்டன்தான்!

தகப்பனாரை வாழவைத்த வகுப்பை மகன் ஏன் மூடினார்?

தனி உண்டு, சமம் இல்லை

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. விடுதலை பெற்ற மக்களுக்காகக் கோர்ட்டில் வாதாட ஆள் வேண்டும் அல்லவா? 1869-ல் ஹோவர்டு சட்டக் கல்லூரி பிறந்தது. ஏழை மாணவர்கள் பகலில் உழைத்து, மாலையில் படித்தார்கள்.

1896-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனி இடம் வைக்கலாம், இரண்டும் சமமாக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். தென் மாநிலங்களில் தனி இடம் இருந்தது. சமம் மட்டும் இல்லை.

போர்முனையில் எடுத்த முடிவு

சார்லஸ் 1895-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி பிறந்தார். 19 வயதில் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகப் பிரான்சுக்குப் போனார். அங்கே அவரை அவமானப்படுத்தியவர்கள் எதிரிகள் அல்ல. சொந்த நாட்டின் வெள்ளைச் சிப்பாய்களும் அதிகாரிகளும்தான்.

ஊர் திரும்பியதும் சட்டம் படிப்பது என்று உறுதி கொண்டார். புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1923-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1929-ல் ஹோவர்டு சட்டக் கல்லூரியை நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அப்போது அந்தக் கல்லூரிக்கு அமெரிக்க வக்கீல்கள் சங்கத்தின் அங்கீகாரம் கிடையாது. அங்கீகாரம் பெறுவதற்காக அதை முழு நேரக் கல்லூரியாக மாற்றும் முயற்சி நடந்தது. சார்லஸ் மாலை வகுப்பை நிறுத்தினார். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்த ஏழைகளின் வழி அடைபட்டது. பழைய மாணவர்கள் குறை கூறினார்கள். அவர் அசையவில்லை. 1931-ல் அங்கீகாரம் கிடைத்தது.

குருவும் சீடரும்

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோர் நகரத்துக்காரர். அந்த நகரத்திலேயே மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பருக்கு அங்கே இடம் இல்லை. ஆகவே வாஷிங்டனுக்கு ரயிலில் போய் வந்து படித்தார். 1933-ல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார்.

இரண்டே ஆண்டில், அதே மேரிலாந்து கல்லூரியின் மீது குருவும் சீடரும் சேர்ந்து வழக்காடினார்கள். முர்ரே என்ற கறுப்பு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. 1936-ல் மேல் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 1938-ல் மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டிலேயே வெற்றி கிடைத்தது.

சட்டக் கல்லூரிகளை முதலில் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. நீதிபதிகள் எல்லோரும் சட்டம் படித்தவர்கள். நல்ல சட்டக் கல்லூரி எது, பெயருக்கு நடத்துவது எது என்று அவர்களை ஏமாற்ற முடியாது!

காணாத வெற்றி

ஓயாத உழைப்பு இதயத்தைப் பாதித்தது. 1950-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி, 54-வது வயதில் சார்லஸ் காலமானார்.

ஆறு வாரம் சென்றது. டெக்சாசில் கறுப்பருக்கென்று அவசரமாகத் தொடங்கிய தனிச் சட்டக் கல்லூரி சமமானது அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1954-ம் ஆண்டு மே 17-ந் தேதி, அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நிறம் பார்த்துப் பிரிப்பதே சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கை முன்னின்று நடத்தியவர் மார்ஷல். வாதங்களை அவர்கள் ஒத்திகை பார்த்த இடம், ஹோவர்டு சட்டக் கல்லூரி.

1967-ல் மார்ஷல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவரே.

அன்று ஹூஸ்டன் அடைத்தது ஒரு கதவு. அவருடைய மாணவர்கள் திறந்துவிட்டது ஒரு நாட்டின் பள்ளிக்கூடக் கதவுகளை.