நட்புப் பதக்கம்

சுவெயோ ஓயே 1914ஆம் ஆண்டு ஜப்பானில் பிறந்தார். கெயோ பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், கோலூன்றித் தாண்டுதலில் சிறந்து விளங்கினார்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில், அவரும் சக ஜப்பானிய வீரரான ஷூஹெய் நிஷிடாவும் 4.25 மீட்டர் உயரத்தைத் தாண்டினர். இரண்டாம் இடத்துக்காகத் தங்களுக்குள் போட்டியிட இருவரும் மறுத்தனர். முடிவு ஜப்பானியக் குழுவிடம் விடப்பட்டது. மூத்தவரான நிஷிடா வெள்ளியும் ஓயே வெண்கலமும் பெற்றனர். நாடு திரும்பியதும், இரு பதக்கங்களையும் பாதியாக வெட்டி, வெள்ளிப் பாதியோடு வெண்கலப் பாதியை இணைக்கச் செய்து, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டனர்.

1937இல் ஓயே 4.35 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 1940இல் தோக்கியோவில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டி, போரினால் கைவிடப்பட்டது. இராணுவத்தில் சேர்ந்த ஓயே, 1941இல் தமது 27ஆம் வயதில் போரில் உயிரிழந்தார். நண்பர்கள் பகிர்ந்துகொண்ட அப்பதக்கங்கள், நட்புப் பதக்கங்கள் என இன்றும் போற்றப்படுகின்றன.