எஸ் என்ற எழுத்தின் சொந்தக்காரர்



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டவுடன் என் நினைவுக்கு வந்தது நம் விலங்கியல் ஆய்வுக்கூடம்தான். மெழுகுத் தட்டில் ஒரு நத்தை. பூந்தமல்லி வயல் வரப்பிலும், அம்பத்தூர், ஆவடி ஏரிக்கரைகளிலும் கிடக்குமே, அதே ஆப்பிள் நத்தை. புத்தகப் பெயர் பைலா. அறுத்துப் பார்த்தால் சிவப்பு ரத்தமே இருக்காது. அதன் ரத்தம் லேசான நீலம், காரணம் ஹீமோசயனின் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டோம். செல் உயிரியல் பாடத்தில் ரைபோசோம் வந்தது. பாக்டீரியாவுக்கு 70எஸ், நமக்கு 80எஸ் என்று மனப்பாடம் பண்ணினோம். அந்த எஸ் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

நத்தையின் நீல ரத்தத்துக்கும் அந்த எஸ் எழுத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் சுவீடன் நாட்டு தியோடர் ஸ்வெட்பெர்க்.

1884 ஆகஸ்ட் 30-ல் சுவீடனின் யாவ்லே நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா இரும்பாலை நிர்வாகி. பையனுக்குச் செடி கொடிகள் மேல் கொள்ளை ஆசை. ஆனாலும் உயிரின் புதிர்களை வேதியியல்தான் அவிழ்க்கும் என்று நம்பி, 1904-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவராகச் சேர்ந்தார். 28 வயதிலேயே, 1912-ல், அங்கே பேராசிரியர் ஆகிவிட்டார்.

ஆரம்பமே சறுக்கல்தான். திரவத்தில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அளந்து, அது ஐன்ஸ்டீனின் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று அறிவித்தார். அந்த விளக்கம் சரியில்லை என்று ஐன்ஸ்டீனே எடுத்துக்காட்டினார். பாரிஸில் இருந்த பெர்ரனும் குறை சொன்னார். வேறொருவர் என்றால் சோர்ந்து போயிருப்பார். இவரோ இன்னும் நல்ல கருவி செய்யக் கிளம்பினார்.

அந்தக் காலத்தில் புரதம் என்றால் என்ன என்பதிலேயே பெரிய தகராறு. புரதத்துக்கு நிச்சயமான எடை கிடையாது, அது சின்னதும் பெரிதுமான துகள்கள் கலந்த கூழ்மம் என்று பல அறிஞர்கள் நினைத்தார்கள். கூழ்மங்களிலேயே ஊறிய ஸ்வெட்பெர்க்கும் அந்தக் கட்சிதான். அளந்து பார்க்க வழி? துகளைச் சுழற்றி அடியில் படிய வைத்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண மையவிலக்கு எந்திரத்தின் வேகம் இதற்குப் போதாது. 1923-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இந்த முயற்சியைத் தொடங்கி, ஊர் திரும்பியதும் 1924-ல் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் என்ற எந்திரத்தை உருவாக்கினார். அடுத்து வந்த மாடல் எண்ணெய் டர்பைனில் ஓடி, நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் சுழன்றது. நம் வீட்டு மின்விசிறி சுமார் 300 சுற்றுதான்! அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பிடிக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ரோட்டரில் பேலன்ஸ் கொஞ்சம் தப்பினாலும் ஆபத்து. வெடித்துச் சிதறிய ரோட்டர்களும் உண்டு.

1924-ல் ஓர் இரவு. ஹீமோகுளோபினைச் சுழல விட்டுவிட்டு ஸ்வெட்பெர்க் வீட்டில் தூங்கப் போயிருந்தார். எந்திரத்துக்குக் காவல் இருந்தவர் மருத்துவ நண்பர் ஃபோரேயஸ். நடு இரவில் டெலிபோன் அடித்தது. கரைசலின் மேல் பக்கம் விடியல்போல வெளுக்கிறது என்று நண்பர் சொன்னார். சிவப்புப் புரதம் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது! எடை சுமார் 67,000 என்று கணக்கானது.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. ஹீமோகுளோபின் ஒரு விதிவிலக்காக இருக்கலாம் அல்லவா? அப்போதுதான் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டத்து நத்தை மேடைக்கு வந்தது. அதன் ஹீமோசயனினில் இரும்பு கிடையாது, செம்புதான். இரண்டு செம்பு அணுக்கள் சேர்ந்து ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நீலம், விட்டால் நிறமில்லை. சிவப்பணு போன்ற பை எதுவும் இல்லாமல் ரத்தத்திலேயே கரைந்து கிடக்கும். ஆக்டோபஸில் இதை ஆராய்ந்து 1878-ல் பெயர் வைத்தவர் பெல்ஜியத்தின் ஃபிரெடரிக். தேள், நண்டு, இறால், கணவாய் எல்லாவற்றிலும் இது உண்டு.

இதிலாவது பலவித அளவுத் துகள்கள் கலந்திருக்கும் என்று ஸ்வெட்பெர்க் எதிர்பார்த்தார். அப்படியானால் படியும் எல்லைக்கோடு மங்கிப் பரவ வேண்டும். படத்திலோ கோடு கத்தியால் வெட்டியதுபோல் விழுந்திருந்தது. எல்லா மூலக்கூறும் ஒரே எடை! அதுவும் லட்சக்கணக்கில். அவர் சொன்ன கணக்கு சுமார் 50 லட்சம், இன்றைய கணக்கு ஏறத்தாழ 90 லட்சம். அத்தனை பெரிய மூலக்கூறுக்கும் நிச்சயமான எடை உண்டு என்று தெரிந்ததும், தான் இருந்த கட்சியைத் தானே விட்டு வெளியே வந்தார். நண்பர்களே, அவர் பெருமை இங்கேதான் இருக்கிறது என்பேன். கருவி ஒன்று சொல்ல, மனசு வேறொன்று சொன்னபோது, கருவியின் பக்கம் நின்றார்.

1926-ல் நோபல் பரிசு வந்தது. அது கூழ்ம ஆராய்ச்சிக்குத்தான். அதே ஆண்டு இயற்பியல் பரிசு யாருக்குத் தெரியுமா? முன்பு குறை சொன்ன அதே பெர்ரனுக்கு!

பிறகும் ஒரு தவறு செய்தார். கரைசலின் அமில காரத் தன்மையை மாற்றினால் ஹீமோசயனின் பாதியாக, பத்தில் ஒன்றாகப் பிரியும், பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் மறுபடி சேரும். இந்த ஒழுங்கைப் பார்த்து, எல்லாப் புரதங்களின் எடையும் 17,600-இன் மடங்குகள்தான் என்று ஒரு விதி சொன்னார். புரதங்கள் மேலும் மேலும் அளக்கப்பட, விதி நிற்கவில்லை. அளவீடுகள் நின்றன.

இனி அந்த எஸ். ஒரு துகள் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதற்கான அலகுக்கு ஸ்வெட்பெர்க் பெயரையே வைத்தார்கள். ஒரு விநாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. 50எஸ்ஸும் 30எஸ்ஸும் சேர்ந்தால் 80 வராமல் 70எஸ் ஏன் என்று மாணவர்கள் குழம்புவது உண்டு. எஸ் என்பது எடை அல்ல, படியும் வேகம். அது உருவத்தையும் பொறுத்தது, கூட்டிப் போடக் கூடாது. அந்த 30எஸ் துண்டின் அமைப்பைக் கண்டுபிடித்து 2009-ல் வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

நத்தை ரத்தமும் சும்மா இல்லை. கலிபோர்னியாக் கடலோரத்துக் கீஹோல் லிம்பெட் என்ற நத்தையின் ஹீமோசயனின் இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிய உதவி. சின்ன மூலக்கூறைத் தனியாக ஊசி போட்டால் முயலின் உடல் கண்டுகொள்ளாது. இந்தப் பெரிய புரதத்தோடு ஒட்டி அனுப்பினால் எதிர்ப்பொருள் உண்டாகும். புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனைகளிலும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்வெட்பெர்க் 1949-ல் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றும் சும்மா இருக்கவில்லை. அணுக்கரு வேதியியலுக்காக அமைந்த புதிய ஆய்வு நிலையத்துக்குத் தலைவராகி 1967 வரை உழைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த டிசேலியஸ் 1948-லேயே நோபல் வாங்கிவிட்டார். ஓர் ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? 1971 பிப்ரவரி 25-ல் ஸ்வெட்பெர்க் காலமானார். ஊர் பெயர் கொப்பார்பெரி. அதற்குச் செம்பு மலை என்று அர்த்தமாம்! செம்புப் புரதத்தால் தெளிவு பெற்றவருக்குப் பொருத்தமான ஊர்தான்.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை 70எஸ் என்று எழுதும்போது ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்துங்கள். செய்முறையில் நீங்கள் நினைத்த விடை வராமல் போனால், ரீடிங்கைத் திருத்தி எழுதாதீர்கள். நாங்கள் அப்படித் திருத்தியவர்கள்தான். ஸ்வெட்பெர்க் திருத்தவில்லை.