கணித மேதையும் கேம்பிரிட்ஜ் ஞாயிறுகளும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் இன்று தொழிற்கூடங்களால் சிறந்து விளங்குகிறது. மாநில எல்லையைக் கடந்து பெங்களூரில் பயில்வதும் பணிபுரிவதும் நம் இளைஞர்க்குப் பழகிய செயலாகிவிட்டது. கடல் கடந்து பயிலச் செல்வோரும் நம்மிடையே உளர். அவர்களை வழியனுப்புங்கால் நேரத்தை வீணாக்காமல் படிக்க வேண்டும் என்றே நாம் அறிவுறுத்துகிறோம். அவ்வறிவுரை மட்டும் போதுமா? கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்வை நோக்கின், போதாது என்பதே நமக்குப் புலனாகிறது.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். அவர்தம் குடும்பத்தார் போற்றிய நாமகிரித் தாயார் கோயில் அமைந்த நாமக்கல்லும் நம் கிருஷ்ணகிரியும் அவர் பிறந்த காலத்தில் ஒரே சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தன. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களில் தோற்றமையால் அவருக்குக் கல்லூரிப் பட்டம் கிட்டவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்கள் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடல் அவர் வாழ்வின் திசையையே மாற்றியது.

1914 மார்ச் 17ஆம் நாள் சென்னையில் கப்பலேறிய அவர், ஏப்ரல் 14இல் இலண்டன் சேர்ந்தார். கணித அறிஞர் நெவில் அவரை எதிர்கொண்டு வரவேற்றார். சில நாள் இலண்டனில் தங்கியபின் கேம்பிரிட்ஜ் சென்று டிரினிட்டிக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். குடுமியைக் களைந்து, மேலை உடைக்கு மாறியிருந்த அவருக்குக் காலணிகள் பெருந்தொல்லையாயின. புலால் உண்ணாதவராதலால் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார்.

அந்நகரில் அவருக்கு வாய்த்த நல்ல தோழர் கிங்ஸ் கல்லூரி மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் இவரே. ஞாயிறு காலைகளில் இருவரும் நெடுந்தூரம் உலவச் செல்வர். அப்போது கணிதத்தைவிடத் தத்துவத்தைப் பற்றியே இராமானுஜன் ஆர்வத்துடன் உரையாடுவாராம். பயன் கருதாத அந்நடைகள் அவருக்கு எத்துணை ஆறுதல் அளித்திருக்கும் என்பதை நாம் உணரலாம்.

ஒரு நாள் குளிரால் நடுங்கிக் கணப்பருகே அமர்ந்திருந்தார் இராமானுஜன். இரவில் மேற்சட்டையுடனும் சால்வையுடனுமே உறங்குவதாக அவர் கூறவே, மகலனோபிஸ் படுக்கையைச் சென்று பார்த்தார். கம்பளங்கள் மெத்தையோடு மடித்துச் செருகியபடியே இருந்தன. அவற்றினிடையே நுழைந்து படுக்க வேண்டுமென்பது மேதைக்குத் தெரிந்திருக்கவில்லை! எண்களின் மறைகளை அறிந்தவருக்கும் கம்பளத்தை விரித்துக்காட்ட ஒரு தோழர் வேண்டியிருந்தது.

மற்றொரு நாள் அவர் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் இதழொன்றில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒன்று முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டின் இடப்புற எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புற எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவ்வீட்டின் எண் யாது? வீடுகள் 288, எண் 204 என்பதே விடை. இராமானுஜனோ, கிளறுவதை நிறுத்தாமலே, இத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் பொருந்தும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டார். எட்டு வீடுகள் கொண்ட தெருவில் ஆறாம் வீடும் அவ்விதிக்கு உட்பட்டதே. மாணவர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

இந்நிலை நீடிக்கவில்லை. 1914 ஆகஸ்டில் மூண்ட போரால் கல்லூரிகள் வெறிச்சோடின. தாயகத்து உணவுப் பொருள்கள் அரிதாயின. 1915இல் மகலனோபிஸ் இந்தியா திரும்பினார். வீட்டு மடல்களும் குறைந்தன. 1916 மார்ச்சில் ஆய்வின்வழிப் பட்டம் பெற்ற இராமானுஜன், நேரங்காலம் பாராது உழைத்தார். பிறிதொரு நாள் தம் கையால் சமைத்து நண்பர்க்கு விருந்தளித்தபோது, மீண்டும் பரிமாற வந்தவரை விருந்தினர் போதுமென்று தடுத்தனர். அதை அவமதிப்பாகக் கருதி மனம் நொந்தவர், எவரிடமும் கூறாமல் ஆக்ஸ்போர்டு சென்று சில நாள் தங்கிவிட்டார். இதுவும் வெளியூர்ப் பயணமே. ஆனால் உடன் நடக்கத் தோழர் இல்லாத பயணம்.

1917இல் நோய் அவரைப் பற்றியது. காசநோய் என அந்நாளில் கருதினர். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாமெனப் பிற்கால மருத்துவ ஆய்வு கூறுகிறது. தனிமை ஒன்றே அந்நோய்க்குக் காரணமென்று நாம் கூறவரவில்லை. எனினும், உண்டாயா, உறங்கினாயா என அன்றாடம் கேட்க ஆளின்றிப் போனது பெருங்குறையே. 1918இல் இராயல் சங்க உறுப்பினர் தகுதியும் டிரினிட்டிக் கல்லூரியின் தகைமையும் அவரைத் தேடி வந்தன. 1919இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார்.

அயல்நகரில் பயிலும் மாணவன் தோழனோடு உலவிக் கழிக்கும் விடுமுறை நாள், படிப்பிலிருந்து திருடிய நாளன்று. படிப்பைத் தாங்கும் நாளேயாகும். ஆதலின், ஞாயிறுதோறும் தொலைபேசியில் நம் பிள்ளைகளை அழைக்கும் பெற்றோரும் பெரியோரும் மதிப்பெண்ணைப் பின்னர்க் கேட்கட்டும். இன்று யாருடன் உண்டாய், எங்கே உலவினாய் என முதலில் கேட்போமாக.