மார்க் டோனகியூ

மார்க் டோனகியூ (மார்ச் 18, 1937 – ஆகஸ்ட் 19, 1975) பலவகைப் பந்தயங்களிலும் வெற்றி பெற்ற அமெரிக்கத் தானுந்து ஓட்டுநர் ஆவார். நியூ ஜெர்சியில் பிறந்த இவர், 1959 இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். ரோஜர் பென்ஸ்கியின் அணியில் இணைந்து, தாம் ஓட்டிய தானுந்துகளைத் தாமே சோதித்துச் செம்மைப்படுத்தினார்.

பந்தய வாழ்க்கை

1969 இல் டேட்டோனா 24 மணிநேரப் போட்டியிலும், 1972 இல் இண்டியானாபொலிஸ் 500 போட்டியிலும் வென்றார். பின்னது பென்ஸ்கி அணிக்கு அப்போட்டியில் கிடைத்த முதல் வெற்றியாகும். 1973 இல் ரிவர்சைடில் நாஸ்கார் பந்தயத்தையும், போர்ஷே 917/30 தானுந்தில் கான்-ஆம் தொடரையும் வென்றார்.

இறப்பு

ஓய்வை அறிவித்திருந்த இவர், 1974 இல் பார்முலா 1 பந்தயங்களில் மீண்டும் களமிறங்கினார். 1975 ஆகஸ்ட் 17 அன்று, ஆஸ்திரிய கிராண்ட் பிரீ பயிற்சியின்போது டயர் பழுதானதால் இவரது தானுந்து பாதையை விட்டு விலகி மோதியது; பாதைப் பணியாளர் ஒருவரும் உயிரிழந்தார். விபத்தின் பின் நினைவுடன் இருந்த டோனகியூ, மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவினால் இரு நாட்களில் கிராஸ் நகரில் காலமானார்.